பாதி மொட்டை

கண்டக்டர் ஒரு நொடி தயங்குகிறார்.
ஒரு கையில் பெண்களுக்கான இலவசச் சீட்டுக் கட்டு,
மறு கை பைக்குள், சில்லறையில்.
தலையைப் பார்க்கிறார், காதைப் பார்க்கிறார்,
கடைசியில் பூட்ஸுக்கு மேலே கொலுசைக் கண்டுபிடித்து
நிம்மதியாகச் சீட்டைக் கிழிக்கிறார்.
"சூட்டிங்கா?"
கானாடுகாத்தானுக்கு யார் போனாலும் சூட்டிங்தான்.
வேனுக்கு அளவெடுக்க என்றால் நம்பமாட்டார்.

இருபுறமும் வழித்த தலை.
நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கிறது முடி.
நிறுத்தியது மூன்று முட்டையின் வெள்ளைக்கரு.
இந்தப் பக்கம் அது புதிதல்ல.
பெரிய வீட்டுச் சுவர்களெல்லாம் அதைக் குடித்துத்தான்
நூறு வருஷமாய் மினுங்குகின்றன.
வெளியூர்க்காரர்கள் கன்னம் வைத்துப் பார்த்து
என்ன குளிர்ச்சி என்கிறார்கள்.
எனக்குப் பூசினால் மட்டும்
அம்மா மூன்று மஞ்சள் கருவையும் முறைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் ஆம்லெட் போடுகிறாள்.

மேல்சட்டை ரெக்சின்.
செக்காலை ரோட்டில் சீட் உறை தைக்கும் கடையில்
நாள் கூலி நானூற்றைம்பது, வெட்டியதில் மீந்தது இனாம்.
இந்த பஸ் சீட்டும் இதே நீலம்.
உட்கார்ந்தால் நான் எங்கே முடிகிறேன்
சீட் எங்கே தொடங்குகிறது, எனக்கே தெரியாது.
அதில் ஒரு முழத்துக்குக் கிழிசல், நார் பிதுங்கி நிற்கிறது.
அதை யாரும் முறைக்கவில்லை.

ஊக்குகள் நாற்பத்து மூன்று.
திங்கட்கிழமைச் சந்தையில் அட்டை பத்து ரூபாய்.

பக்கத்தில் ஓர் அம்மாள். மடியில் அட்டைப்பெட்டி,
உள்ளே கோழிக்குஞ்சுகள்.
தாலிக்கொடியிலிருந்து கழற்றிய ஒற்றை ஊக்கு
பெட்டியின் மூடுதுணியைப் பிடித்திருக்கிறது.
கழனிவாசலில் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர்
கேட்டேவிட்டார்:
"எந்தச் சாமிக்கு?"
"என்னது?"
"பாதி மொட்டை."
பாதி வேண்டுதல்தான் பலித்ததோ என்று
முகத்தில் உண்மையான கவலை.

சொல்லியிருக்கலாம்.
அம்பது வருஷத்துக்கு முன்னால் லண்டன் என்ற நசநசத்த ஊரில்
வேலை கிடைக்காத பிள்ளைகள்
கிழிந்ததைத் தைக்காமல் ஊக்குக் குத்திக்கொண்டதை,
குப்பைப் பையையே சட்டையாய் மாட்டிக்கொண்டு
குப்பை என்றீர்களே, இந்தா என்று நடுத்தெருவில் நின்றதை.
இல்லை, நியூயார்க்கில்தான் முதலில் கிழிந்தது என்று
அடித்துக்கொள்கிறவர்களும் இருப்பதை.
புதுச்சட்டையைக் கிழித்து
கிழித்த கூலியையும் சேர்த்து விலை போட்ட கடையை
மறைக்காமல்.
சொன்னால் என்ன கேட்பார் என்றும் தெரியும்:
கிழிஞ்சதுக்கு ஊக்கு குத்த லண்டன்காரன்தான் சொல்லித்தரணுமா?

"சாமிக்கு இல்ல. எனக்கு."
முன் சீட்டில் இரண்டு தலைகள் திரும்பின.

கோட்டையூரில் ஓர் ஆடு குறுக்கே வந்தது.
பெட்டி, குஞ்சுகள், அவர், நான், எல்லாரும்
ஒருமுறை முன்னால் போய்த் திரும்பினோம்.
பட்டென்று ஏதோ தெறித்தது. ரவிக்கைக் கொக்கி.
முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு
குரலைத் தாழ்த்தி,
"பாப்பா, ஒண்ணு கழட்டிக் குடு."

அவசரத்தில் கைக்கு வந்தது
தோளைப் பிடித்திருந்த ஊக்கு.
குஞ்சுப்பெட்டியை என் மடிக்கு மாற்றினார், குத்திக்கொண்டார்,
பஸ் முழுக்க ஒரு பார்வை பார்த்தார்.
"துரு இல்ல. நல்ல ஊக்கு."
பிறகு, "பேரென்ன?"
"சௌந்தரநாயகி."
அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

பள்ளத்தூரில் இறங்கி
கீழிருந்து ஜன்னலைத் தட்டினார்:
"மிச்சத்தையும் எடுத்துடு, பாப்பா."
முடியைச் சொன்னாரா, ஊக்குகளையா,
கேட்பதற்குள் விசில்.

தோள் திறந்துகொண்டது.
கானாடுகாத்தான் வரைக்கும் அந்த வழியாகக் காற்று.
சீட் கிழிசலில், நாருக்குள்,
மஞ்சளாய் ஒரு பூஞ்சிறகு மாட்டியிருந்தது.
நான் எடுக்கவில்லை.